கால் எட்டுகிற வண்டி

தேனு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது, வண்டியை விற்றுவிடுங்கள் அப்பா, சும்மா நின்றால் துருப்பிடித்துப் போகும் என்று சொன்னாய். சரிம்மா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரிசீவரை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நான் கோபித்துக்கொண்டேனோ என்று நீ அவளிடம் கேட்டாயாம். கோபமெல்லாம் இல்லை. போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியாததா? நீ மஸ்கட்டிலிருந்து பேசும்போது உன் குரல் ஒரு நொடி தாமதித்து வருகிறது. நான் ஒன்று சொல்ல, நீ ஒன்று சொல்ல, இரண்டும் மோதி, இரண்டு பேரும் நிறுத்தி, யார் முதலில் பேசுவது என்று காத்திருப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஆயுள் முழுக்க பஸ் ஸ்டியரிங்கைப் பிடித்த கைக்குப் பேனா கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, அவ்வளவுதான். நீ பேசிய பிறகு இந்த வாரத்தில் இங்கே ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த கதையில் உனக்குத் தெரியாத சில பகுதிகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் இதைச் சொன்னால் உனக்குப் புரியாது.

நீ அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்த முதல் மழைக்காலம் அது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் ஏறி, கைகாட்டியில் இறங்கி, டீக்கடையில் போட்டு வைத்திருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல்களுக்கு நடுவே போக வேண்டும். கோடையில் அது ஒரு சிரமமாகவே தெரியவில்லை உனக்கு. மழை வந்ததும் கரிசல் மண் தன் குணத்தைக் காட்டிவிட்டது. ஒருநாள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாய். நீ போய்ச் சேர்ந்தபோது, டிராக்டரில் கூட்டிவந்த ஒரு பெண்ணுக்குப் பூட்டிய கதவுக்கு வெளியே, வராந்தாவிலேயே குழந்தை பிறந்திருந்தது. கூட வந்த பெண்கள் புடவையால் மறைத்துக்கொண்டு நின்றார்களாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சாயங்காலம் முழங்கால் வரை சேற்றோடு வீட்டுக்கு வந்தவள், காலைக்கூடக் கழுவாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாய். அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நீ தொடவில்லை. என்னைப் பார்த்து, "எனக்கு ஒரு வண்டி வேணும்ப்பா" என்றாய். சின்ன வயதிலிருந்து அது வேண்டும் இது வேண்டும் என்று நீ கேட்டதே இல்லை. அதனால் உடனே ஆகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. முதலில் சாப்பிடு என்று மட்டும் சொன்னேன்.

ஏன் வாய் வரவில்லை என்பதை உனக்கும் சொன்னதில்லை, உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். மீன்சுருட்டி டிரிப் முடித்து, ஜெயங்கொண்டம் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். அரியலூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு புது மாப்பிள்ளை, கையில் மருதாணிகூட மங்கவில்லை, மாமனார் வீட்டில் கொடுத்த புத்தம்புது பைக்கில் வந்து நின்றான். பெரிய வண்டி. ஆள் குள்ளம். ஒரு கால் மட்டும், அதுவும் விரல் நுனி மட்டும்தான் தரையில் பட்டது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் அந்த இடத்தில் ரோடு முழுக்கப் பொடி படிந்திருக்கும். கேட் திறந்து வண்டிகள் நகர ஆரம்பித்தபோது அவன் விரல் வழுக்கியது. வேகம் கிடையாது, மோதல் கிடையாது. நின்ற இடத்திலேயே மரம் சாய்வதுபோலப் பக்கவாட்டில் சாய்ந்தான், பக்கத்தில் நகர்ந்துகொண்டிருந்த லாரியின் அடியில். நான் குதித்து இறங்கி ஓடி அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். உயிர் பிழைத்துவிட்டான். ஒரு கால் போய்விட்டது. பின்னாளில் இரண்டு மூன்று தடவை கட்டையை ஊன்றிக்கொண்டு என் பஸ்ஸிலேயே ஏறியிருக்கிறான். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் பேசவில்லை. கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இரண்டு சக்கர வண்டி என்றாலே எனக்கு அந்த விரல் நுனிதான் ஞாபகம் வரும். ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் வண்டி வாங்கியபோதும் நான் சைக்கிளோடு நின்றுவிட்டதற்கு அதுதான் காரணம். சிக்கனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள்.

ஆனால் உனக்கு வண்டி தேவை என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தாலும், அந்த வராந்தாவை யோசித்தபோது சொல்ல முடியவில்லை. அதனால், வாங்குவதானால் சரியானதை வாங்குவது என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. ஆளுக்கு ஒரு யோசனை. பக்கத்து வீட்டு டீச்சர், பொம்பளைப் பிள்ளைக்கு மொபெட் போதும் என்றார். மொபெட்டை நான் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் பின்னால் கல் லாரி வரும்போது சட்டென்று முன்னேறி ஒதுங்குவதற்கு ஒரு வண்டிக்குக் கொஞ்சம் இழுவை வேண்டும். லாரி டிரைவர் எந்த உயரத்தில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறான், எதைப் பார்ப்பதில்லை என்று எனக்குத் தெரியும். உன் அம்மா கியர் இல்லாத ஸ்கூட்டரைத்தான் சொன்னாள். பெரம்பலூரில் கடைக்கே போய்ப் பார்த்தோம். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. உனக்கும் கொஞ்சம் ஆசை வந்தது, உன் முகத்தில் பார்த்தேன். ஆனால் அந்தச் சின்னச் சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, கரிசல் சேற்றில் இது ஒரு பர்லாங் போகாதே அப்பா என்று நீயே சொல்லிவிட்டாய். அப்புறம் எதிர்வீட்டுக்காரரின் மகன் தன் பெரிய பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, உட்கார்ந்து பார்க்கச் சொன்னான். நீ ஏறி உட்கார்ந்தாய். உன் செருப்பின் முன்பக்கம் மட்டும் தரையைத் தொட்டது. இறங்கு என்றேன். நான் அப்படி அதட்டி நீ கேட்டதில்லை. எதிர்வீட்டுப் பையன் முகம் சுருங்கிப்போனது. நீயும் எதுவும் கேட்காமல் இறங்கிவிட்டாய்.

அந்தச் சமயத்தில்தான் என்னோடு கண்டக்டராக இருந்த ஜமால் ஒரு விஷயம் சொன்னான். லப்பைக்குடிக்காட்டில் அவன் அக்கா மைமூன் வீட்டில் ஒரு நூறு சி.சி. வண்டி நிற்கிறது, மச்சான் சவுதிக்குப் போன நாளிலிருந்து யாரும் ஓட்டவில்லை, இப்போது விற்றுவிடச் சொல்லிவிட்டார் என்றான். ஓட்டாத வண்டி என்றால் உள்ளே எல்லாம் இறுகிப்போயிருக்குமே என்று எனக்குத் தயக்கம். வந்து பாருங்கண்ணே, பிடிக்கலைன்னா டீ குடிச்சிட்டுத் திரும்பிடலாம் என்றான். மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். வெள்ளாற்றங்கரைக் காற்று அடிக்கும் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் இல்லை. மைமூன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, நடையில் நின்ற வண்டியின் மேலிருந்த பெட்ஷீட்டை எடுத்தார். சிவப்பு டேங்க். ஒரு கீறல் கிடையாது. நான் சுற்றிவந்து டயரை அழுத்திப் பார்த்தேன். செயினைத் தொட்டுப் பார்த்தால் விரலில் புது எண்ணெய் ஒட்டியது.

யார் இதற்கு எண்ணெய் போடுகிறார்கள் என்று கேட்டேன். மைமூன் ஜமாலைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "நான்தாங்க. வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு ஆம்பளைங்கல்லாம் போனப்பறம் ஸ்டார்ட் பண்ணுவேன். அந்த நேரத்துக்குத்தான் சவுதியிலருந்து அவங்க போன் பண்ணுவாங்க. ரிசீவர இப்படி வண்டிக்கிட்ட நீட்டிப் புடிக்கச் சொல்வாங்க. சத்தம் மாறியிருக்கு, காத்தடைச்சிருக்குன்னு அங்கருந்தே சொல்லிடுவாங்க." அப்படியானால் ஏன் விற்கச் சொல்கிறார் என்று நீதான் கேட்டாய். அவர் பதிலை அப்போது நான் முழுசாகக் காதில் வாங்கவில்லை. இந்த வாரம்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். "போன மாசம் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணுமே பேசல. அப்பறம், இனிமே கேக்க வேணாம் மைமூன், வித்துடுன்னுட்டாங்க."

மைமூன் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கி ஒரு உதை விட்டார். முதல் உதையிலேயே எடுத்தது. நீ ஏறி உட்கார்ந்தாய். இரண்டு பாதமும், குதிகாலோடு சேர்த்து, தரையில் பதிந்தன. எனக்கு மூச்சு சீராக வந்தது. ஆனாலும் விட மனசில்லை. வண்டியை ஆஃப் பண்ணச் சொல்லி, பெட்ரோல் குழாயை அடைத்து, நடையில் சாக்கை விரித்து, அந்தப் பளபளப்பான வண்டியை அப்படியே பக்கவாட்டில் படுக்கவைத்தேன். ஜமால் பதறிப்போய், அண்ணே அண்ணே என்று ஓடிவந்தான். நான் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உன்னிடம், "பாப்பா, தூக்கு" என்றேன். ரோட்டில் நீ விழாமல் இருக்கப்போவதில்லை. விழும் இடத்தில் நான் இருக்கப்போவதில்லை. ஹேண்டிலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாய், வண்டி அசையவில்லை. மறுபடி இழுத்தாய், முகம் சிவந்துவிட்டது. அப்போது மைமூன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையால் இழுக்காதேம்மா, முதுகை வண்டிக்குக் கொடுத்து உட்கார்ந்து காலால் எழுந்திரு என்று காட்டினார். இரண்டு தடவை தன் மேலேயே சாய்த்துக்கொண்டு கற்றுக்கொண்டதாம் அது. நீ அப்படியே செய்தாய். வண்டி எழுந்து நின்றது. நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய். நர்ஸிங் பாஸ் பண்ணிய அன்றைக்குக்கூட நீ அப்படிச் சிரிக்கவில்லை. வண்டி நமதாயிற்று.

உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது ஊரில் தம்பி தங்கைகளுக்கு முதல் வண்டி வாங்கப்போகிறோம் என்று உன்னிடம் கேட்டால் இதைச் சொல். விளம்பரத்தில் என்ன வேகம் போகும் என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டாம். நிற்கும்போது எப்படி நிற்கிறது என்று பார்க்கச் சொல். கற்றுக்கொள்கிறவன் ஓடும்போது விழுவதைவிட நிற்கும்போது விழுவதுதான் அதிகம். நம் ஊர்ச் சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஒயரும் பிளக்கும் கிடைக்கிற வண்டியாக இருக்கட்டும். பிரேக்கை விரல்கள் முழுசாகச் சுற்றிப் பிடிக்க வேண்டும், பெண் பிள்ளைகளுக்கு முக்கியமாக. முதல் வண்டி கொஞ்சம் பழையதாக இருந்தால் நல்லது. கீறல் விழுந்தால் மனசு உடையாது, மனசு உடையாவிட்டால் மறுநாளும் எடுக்கத் தோன்றும். அப்பா சுற்றி வளைத்துக் கல்யாண விஷயத்துக்கு வருகிறார் என்று நினைக்காதே. அம்மா பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு நீ எப்போது பதில் சொன்னாலும் சரி. நான் வண்டியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ கற்றுக்கொண்ட நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். சந்தைத் திடலில், சந்தை இல்லாத நாள் சாயங்காலம். உனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொடுக்கிற எனக்கும் ஓட்டத் தெரியாது. கிளட்ச் என்றால் எனக்குக் கால், உனக்குக் கை. கியர் என்றால் எனக்குக் கை, உனக்குக் கால். நான் பஸ்ஸை நினைத்துக்கொண்டு காலைத் தூக்கு என்று கத்துவேன், நீ கியரிலிருந்து காலை எடுப்பாய், வண்டி துள்ளிக் குதித்து நின்றுவிடும். அம்மா திடல் ஓரத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள், பயமா சிரிப்பா என்று தெரியாது. கிளட்சை விடுவது என்பது தூங்குகிற குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவது மாதிரி என்று ஒருநாள் அவள்தான் அங்கிருந்து சொன்னாள். நான் ஒரு வாரமாகச் சொல்லிப் புரியாதது அந்த ஒரு பேச்சில் உனக்குப் புரிந்துவிட்டது. வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. நான் பக்கத்திலேயே ஓடிவந்தேன். பாதித் திடலில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். நீ அந்தக் கோடிக்குப் போய்விட்டாய். திரும்பிப் பார்க்கவே இல்லை. ஓட்டும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. ஜமாலைத் தவிர யாருக்கும் தெரியாது. முன்னாலும் பின்னாலும் சிவப்பு எல் எழுதி ஒட்டிக்கொண்டு நீ முதன்முதலாக வேலைக்கு வண்டியில் கிளம்பிய காலை. பஸ்ஸிலேயே போ, இன்னும் ஒரு வாரம் பழகு என்று அம்மா சொல்லியும் நீ கிளம்பிவிட்டாய். எனக்கு அன்று அரியலூர் டிரிப். டெப்போவில் வண்டியை எடுத்து, பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றி, ஊரைத் தாண்டினேன். கொஞ்ச தூரத்தில் ரோட்டின் இடது ஓரமாக அந்தச் சிவப்பு எழுத்து தெரிந்தது. நீலச் சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, முதுகை விறைப்பாக நிமிர்த்தி, நீ போய்க்கொண்டிருந்தாய். கை தானாக ஹாரனுக்குப் போனது. அடிக்கவில்லை. அடித்தால் நீ மிரண்டுவிடுவாய். முந்திப் போகலாமா என்று பார்த்தேன். போனால் பஸ் காற்று உன்னைத் தள்ளும், அதோடு எனக்குப் பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்த கல் லாரிகள் உன் மேல் வரும். அதனால் பஸ்ஸை நடுரோட்டில் வைத்து, உன் வேகத்துக்குக் குறைத்து, உனக்குப் பின்னாலேயே விட்டுவிட்டேன்.

லாரிகள் பின்னால் ஹாரனை அலறவிட்டன. பஸ்ஸுக்குள்ளும் முணுமுணுப்பு கிளம்பியது. பஸ் ஓடுதா நடக்குதா என்று ஒருவர் கேட்டார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு அம்மா சத்தம்போட்டார். ஜமால் என்னவென்று பார்க்க முன்னால் வந்தான். கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தான். "மொள்ளவே போங்கண்ணே" என்றான். திரும்பிப் போய், பிரேக் சரியில்லை, டிரைவர் பார்த்துத்தான் ஓட்டுவார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரையும் அடக்கிவிட்டான்.

கைகாட்டி வந்தது. நீ வலது பக்கம் திரும்ப வேண்டும். அங்கேதான் எனக்குப் பயம். கையை நீட்டி, சொல்லிக்கொடுத்தபடி நடுரோட்டுக்கு வந்து நின்றாய். எதிரில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. நான் பஸ்ஸைச் சாய்வாக நிறுத்தி, பின்னால் வருகிறவன் எவனும் எந்தப் பக்கமும் நுழைய முடியாதபடி ரோட்டை அடைத்துவிட்டேன். என் கண்ணுக்கு நேர் கீழே, பம்பருக்கு அந்தப் பக்கம், உன் இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்தன. அந்த லாரி போய் முடிகிற வரைக்கும் நான் உன் செருப்பைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. லாரி போனதும் நீ கிளட்சை விட்டாய். வண்டி துள்ளவில்லை. வழுக்கிக்கொண்டு திரும்பியது. கடந்ததும் உனக்காகக் காத்திருந்த யாரோ ஒரு டிரைவருக்கு என்று நினைத்து, திரும்பிப் பார்க்காமலேயே கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனாய். என் சர்வீஸில் எத்தனையோ பேர் அப்படிக் கை காட்டியிருக்கிறார்கள். அன்றைக்குப் பஸ்ஸை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஜமால் இரண்டு தடவை விசில் கொடுத்த பிறகுதான் கியர் போட்டேன்.

அதற்குப் பிறகு நீ பழகிவிட்டாய். நான் பயப்படுவதும் குறைந்துவிட்டது. மழையில் போனாய், வெயிலில் போனாய். ஒருதடவை சேற்றில் விழுந்து நீயே தூக்கி நிறுத்திக்கொண்டு வந்ததாக, ஏதோ பரிசு வாங்கியதுபோல வந்து சொன்னாய். பொம்பளைப் பிள்ளை கால் போட்டு ஓட்டுவதா என்று கேட்ட உன் அம்மா, ஒரு பிரதோஷத்தன்று உன் பின்னால் உட்கார்ந்து வாலிகண்டபுரம் கோவிலுக்குப் போய்வந்தாள். வந்து இறங்கியவள் என்னிடம், ஏங்க, உங்க பஸ்ஸுல காத்தே வராதுங்க என்றாள். அப்புறம் மஸ்கட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுத்தார்கள். ஒப்பந்த வேலை எத்தனை நாளைக்கு என்று நீ கேட்டபோது, போய்வா என்றேன். திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாய். எனக்கு அதே வருஷம் ரிட்டயர்மெண்ட்டும் வந்தது. காலையில் எழுந்தால் எடுக்க பஸ் இல்லை, அனுப்ப நீ இல்லை. அம்மா வண்டியைத் துடைத்து வைப்பாள்.

இனி இந்த வாரக் கதை. நீ பேசிய இரண்டாம் நாள், உன் இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண் தன் அப்பாவோடு வீடு தேடி வந்தாள். பூங்கொடி என்று பேர். மீன்சுருட்டிப் பக்கத்துப் பிள்ளை, பெரம்பலூரில் விடுதியில் தங்கியிருக்கிறாள். அப்பா விவசாயி. உன் வண்டியை அந்த ஊரில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். எந்த வண்டி வாங்கலாம் என்று அவர் பஸ் டிரைவரான என்னிடம் கேட்டார். உனக்கு எழுதியதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். வண்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை. அது விற்பனைக்கு என்று நானும் சொல்லவில்லை. அந்தப் பெண் மட்டும் கொட்டகையில் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளைக்கு மழைக்காலம் வந்தால் அவளும் அதே சேற்றில்தான் போக வேண்டும். காபி கொண்டுவந்த உன் அம்மாதான், உட்கார்ந்து பாரேம்மா என்று சொல்லிவிட்டாள்.

உட்கார்ந்தாள். கால் எட்டியது. உன்னைவிடக் கொஞ்சம் உயரம் அவள். நான் வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். தூக்க முடியாமல் போகட்டும் என்று என் மனசுக்குள் ஒரு ஆசை ஓடியது, உன்னிடம் மறைப்பானேன். அவள் வயல் வேலை செய்து வளர்ந்தவள். நாங்கள் எதுவும் சொல்வதற்குள் நெல் மூட்டையை நிமிர்த்துவதுபோல நிமிர்த்திவிட்டாள். இவளுடையதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொடுத்துவிட்டேன். முதல் மாசம் சேறு இருக்கும் நாட்களில் ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். உன் அம்மா டேங்குக்கு விபூதி பூசிவிட்டாள். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் உள்ளே போய் அடுப்படியில் ரொம்ப நேரம் ஏதோ பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஊரிலேயே ஓட்டப் பழகியவளாம், வண்டி கிளம்பும்போது அந்தப் பெண்தான் முன்னால் உட்கார்ந்தாள். அவள் அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, யோசிக்கவே யோசிக்காமல், ஒரு காலைத் தூக்கிப் போட்டு அவள் பின்னால் உட்கார்ந்தார். "போலாமாப்பா?" என்று அவள் கேட்டாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உனக்குப் பின்னால் பஸ் ஓட்டியிருக்கிறேன், பக்கத்தில் ஓடி வந்திருக்கிறேன். அந்த வண்டியில் உன் பின்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை, தேனு. நீ கூப்பிட்டாய்தான். டியூட்டி, டியூட்டி என்று சொல்லிவிட்டேன். இப்போது டியூட்டியும் இல்லை.

உனக்கு லீவு எப்போது என்று தெரிந்ததும் எழுது. நீ வந்தால் ஒரு வண்டி பார்ப்போம். புதுசோ பழசோ, உனக்குப் பிடித்தது. இல்லாவிட்டால் ஜமாலிடம் கேட்டு ஒருநாளைக்கு இரவல் வாங்குவோம். அரியலூர் வரைக்கும் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். நீ ஓட்டு. நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். எங்கே பிடித்துக்கொள்வது என்று மட்டும் சொல்லிக்கொடு.

அப்பா